யாரைக் கேட்டோம்?

பக்கவாதம் ஒரே இரவில் வந்துவிடும். நடுக்குவாதம் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகிற நோய். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைக் கவனித்து எழுதிய சிறுநூலிலேயே இந்த மெதுவான போக்கு பதிவாகியிருக்கிறது. 1967இல் மார்கரெட் ஹோன், மெல்வின் யார் என்ற இருவர் அதை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் அந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். முதல் நிலையில் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் நடுங்கும், அல்லது இறுகும். மூன்றாவதில் தள்ளாட்டம் வந்துவிடும், ஆனாலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம். நான்காவதில் எழுந்து நிற்க முடியும், அன்றாடத்துக்கு ஆள் துணை வேண்டும். ஐந்தாவதில் சக்கர நாற்காலி, இல்லையென்றால் படுக்கை. எல்லோரும் ஐந்து வரை போவதில்லை. போகிறவர்களுக்கும் பெரும்பாலும் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இவ்வளவு அவகாசம் தருகிற நோயிலும், 'அம்மா இனி எங்கே இருப்பது' என்ற முடிவை நம் குடும்பங்கள் எடுப்பது ஆஸ்பத்திரி வராந்தாவில்தான். பாத்ரூமில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, "நாளைக்கு டிஸ்சார்ஜ் எழுதிடுவாங்க" என்று நர்ஸ் சொன்ன பிறகு. மூத்தவர் சென்னையிலிருந்து வந்திருப்பார். இளையவர் அமெரிக்காவிலிருந்து வாட்ஸப் வீடியோவில் இருப்பார். திருச்சியிலிருந்து வந்த மகள் ராத்திரிக்கு ராத்திரி தூங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அம்மா உள்ளே மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் படுத்திருப்பார். வராந்தாப் பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அந்த முடிவு சரியா தவறா என்று ஊர் பேசும்போது முகவரியை வைத்துத்தான் பேசுகிறது. பிள்ளை வீட்டில் வைத்துக்கொண்டால் புண்ணியம்; ஹோமில் சேர்த்தால் பாவம்; சொந்த வீட்டில் ஆள் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பட்டிமன்றத்துக்கு வசதியான இந்தப் பிரிவினையில் முக்கியமான ஒரு விசாரணை விட்டுப்போகிறது: அந்த முடிவு யாரைக் கேட்டு எடுக்கப்பட்டது? இரண்டு பேரைக் கேட்டிருக்க வேண்டும். நோயாளியை, அவருக்கு வாய் இருந்த காலத்தில். அவரைத் தினமும் தூக்கி உட்காரவைக்கப்போகிறவரை, எல்லாக் காலத்திலும். இந்த இருவரையும் கேட்காமல் வைத்திருந்தால் மகன் வீடும் குற்றமுள்ள இடமே. கேட்டு எடுத்த முடிவென்றால் ஹோமும் தலைகுனிய வேண்டிய இடமல்ல.

ஆனால் ஆளை நகர்த்துவதைப் பேசுவதற்கு முன்னால் வீட்டைப் பேச வேண்டும். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். திண்ணையிலிருந்து உள்ளே ஏற இரண்டு படி, பிறகு உயரமான நிலைப்படி, ரேழி, முற்றம், கூடம். குளிக்கிற இடமும் கக்கூஸும் கொல்லைப் பக்கம். நடுக்குவாதம் முற்றியவர்களில் பலருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதுவும் வாசற்படியில், குறுகலான நடையில், திரும்புகிற இடத்தில். பின்னால் நின்று யாராவது "சீக்கிரம் வாங்கம்மா" என்றால் இன்னும் மோசம். அதே ஆள், தரையில் ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கே கலர் டேப் ஒட்டி, "இந்தக் கோட்டைத் தாண்டுங்க" என்று சொன்னால், பல நேரம் நோயாளி தாண்டிவிடுவார். தானாக நடக்க வராத கால், கண்ணுக்கு முன்னால் கோடு இருந்தால் எழும்புகிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டேப், சுவரில் கைப்பிடி, படுக்கைக்குப் பக்கத்தில் கமோட் நாற்காலி, ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு, கால்மிதிகளை எடுத்துவிடுவது. இவ்வளவுதான் ஆரம்பத்துக்குத் தேவை.

இதைச் செய்யாமலே "இந்த வீடு இனி அம்மாவுக்கு ஒத்துவராது" என்று சொல்கிற குடும்பம் உண்மை பேசவில்லை. ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கட்டியவர்கள் கைப்பிடி பதிக்கக் கொத்தனாரைக் கூப்பிடத் தயங்குவதற்குப் பணம் காரணமில்லை. கைப்பிடி சுவரில் ஏறிவிட்டால் நோய் வீட்டுக்குள் குடியேறிவிட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும். திருத்தவே முடியாத வீடுகளும் உண்டு: சென்னையில் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்குக் கைப்பிடி உதவாது. அங்கே 'இந்த வீடு ஒத்துவராது' என்பது நேர்மையான வாக்கியம்.

இனி நோயாளியைக் கேட்பது. இதற்கு முதல் தடை, அவருக்கே விஷயம் தெரியாது என்பது. டாக்டர் மகனை மட்டும் தனியாக அழைத்துப் பேசுவார்; மகன் வெளியே வந்து "நரம்புத் தளர்ச்சிதானாம், மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமாம்" என்பார். அன்பினால் சொல்கிற பொய்தான். அதன் விலையும் பெரிது. வரப்போவது என்னவென்று தெரியாத ஒருவரிடம் 'அப்போது எங்கே இருக்க விரும்புகிறீர்கள்' என்று எப்படிக் கேட்பது? நோயை மறைத்தவர்கள் அதோடு ஒரு மனிதர் தன் கடைசிப் பத்து வருடங்களைப் பற்றிப் பேசும் வாய்ப்பையும் எடுத்து ஒளித்துவைத்துவிடுகிறார்கள். இருக்கும் கருணையில் பாதியைக் குறைத்துக்கொண்டு நோயின் பெயரைச் சொல்லிவிடுவது மேல்.

இரண்டாவது தடை பதிலிலேயே இருக்கிறது. "எனக்கென்னப்பா, எங்க போட்டாலும் கெடப்பேன்", "உங்க இஷ்டம்." நம் வீட்டுப் பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஆயுள் முழுக்கப் பழகிய பதில் இது. இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது சௌகரியம், நியாயம் அல்ல. கேள்வி பொத்தாம்பொதுவாக இருக்கிறவரை பதிலும் அப்படித்தான் இருக்கும். 'உன்னைக் குளிப்பாட்ட யார் வந்தால் உனக்குக் கூச்சமிருக்காது? யார் வரவே கூடாது?' என்று கேட்டால் நிஜமான பதில் வரும். மகன் கையால் உடை மாற்றிக்கொள்வதைவிடச் சம்பளத்துக்கு வருகிற முன்பின் தெரியாத பெண் தேவலை என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. மருமகள் தன்னைத் துடைத்துவிடுவதை நினைத்தாலே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிற மாமனார்களும் உண்டு. ராத்திரி கதவு சாத்தியிருக்கலாமா, சாமி அறை வேண்டுமா, பக்கத்து வீட்டுக்காரி மாலையில் வந்து பேசுவது எவ்வளவு முக்கியம், சாப்பாடு குழாய் வழியாக இறங்கும் நிலை வந்தால் என்ன செய்வது. வீடு எது என்ற கேள்வி உண்மையில் இந்தச் சின்னக் கேள்விகளின் மொத்தம். இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் முகவரி பெரும்பாலும் தானே தீர்மானமாகிவிடும்.

கேட்பதற்கான காலமும் திறந்தே கிடப்பதில்லை. நடுக்குவாதம் நீடித்தால் பலருக்கு மறதியும் மனக்குழப்பமும் இல்லாதது தெரிவதும் சேர்ந்துவிடும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நடுக்குவாதம் மட்டுமல்லாமல் எல்லாக் காரணங்களும் சேர்ந்த கணக்கு இது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவும் நிதானமும் கடுமையாகக் குலையும் நிலைகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. எப்படிப் பராமரிக்கப்பட வேண்டும் என்று முன்னதாகவே எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் அது இடம் தருகிறது. வீட்டைத் தேர்ந்தெடுத்துத் தர இந்தச் சட்டத்தால் ஆகாது. ஆனால் அதில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: விஷயம் புரிகிறதா, விளைவு தெரிகிறதா, விருப்பத்தைப் பேச்சாலோ சைகையாலோ சொல்ல முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. எடுத்த முடிவு மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது என்கிறது. நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. அம்மா நாம் சொல்வதற்குச் சரி என்றால் தெளிவாக இருக்கிறார். மறுத்தால் அவருக்கு மறதி.

அந்த அம்மா மறுத்தால்? "விழுந்தா விழறேன், இந்த வீட்டவிட்டு வரமாட்டேன்" என்றால்? விழும் உரிமை என்று ஒன்று உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. எழுபது வயதுவரை சமையலறை, வரவுசெலவு, கல்யாணம், கருமாதி எல்லாவற்றையும் நடத்தியவர், தன் எலும்பை எதற்குப் பணயம் வைப்பது என்று தெரியாதவராக ஒரே நாளில் ஆகிவிடுவதில்லை. வேறு வீட்டில் பத்திரமாகப் பத்து வருடம் வாழ்வதைவிட, இந்த வீட்டில் ஆபத்தோடு ஐந்து வருடம் போதும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு அதிகாரமில்லை. ஆனால் அந்த உரிமைக்கு ஒரு எல்லை இருக்கிறது. 'இந்த வீட்டில்தான் இருப்பேன்' என்று சொல்லலாம். 'இந்த வீட்டில் நீதான் வந்து என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்பது வேறு வாக்கியம். முதலாவது தன் உடம்பைப் பற்றியது. இரண்டாவது இன்னொருத்தியின் ஆயுளைப் பற்றியது.

இதைவிடச் சிக்கலான இடம், முன்பு சொன்னதும் இப்போது தெரிவதும் முரண்படும்போது. அமெரிக்கச் சட்டத் தத்துவ அறிஞர் ரொனால்டு டுவார்க்கின் 1993இல் எழுதிய 'லைஃப்ஸ் டொமினியன்' என்ற நூலில், தெளிவாக இருந்த காலத்து விருப்பத்துக்கே மதிப்பு அதிகம் என்று வாதிட்டார். ஒரு வாழ்க்கைக்கு உருவம் கொடுத்தது அந்த மனம்தான் என்பது அவர் நியாயம். சட்ட அறிஞர் ரெபெக்கா டிரெஸ்ஸர் அதை மறுத்தார்: எதிரில் உட்கார்ந்திருக்கும் இந்த மனுஷியின் இன்றைய சந்தோஷத்தையும் வலியையும் பழைய காகிதத்துக்காகத் தள்ளிவிடக்கூடாது என்றார். நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். "என்னை ஒருநாளும் ஹோம்ல விட்றாத" என்று பத்து வருடத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கிய அம்மா, இன்று மகள் வீட்டுப் பின்கட்டு அறையில் தனியாக நாளெல்லாம் கூரையைப் பார்த்துக் கிடக்கிறார். தற்காலிகமாகச் சேர்த்த பகல்நேரப் பராமரிப்பு மையத்திலோ நாலு பேர் நடுவில் உட்கார்ந்து தாளம் போடுகிறார், சாப்பிடுகிறார். எந்த அம்மாவின் பேச்சைக் கேட்பது?

இங்கே டிரெஸ்ஸர் பக்கம் சாய்வதே சரி என்று தோன்றுகிறது, ஒரு நிபந்தனையோடு. அந்த அம்மா சத்தியம் வாங்கியபோது பயந்தது எதற்கு? கைவிடப்படுவதற்கு. கட்டடத்துக்கு அல்ல. அந்தப் பயம் மெய்யாகாமல் பார்த்துக்கொள்கிற வரையில், மகள் வாரந்தோறும் போய் உட்கார்ந்து தலைவாரிவிடுகிற வரையில், சத்தியம் மீறப்பட்டதாகாது. போவது நின்ற அன்றைக்குத்தான் அது மீறப்படுகிறது. மகள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அந்தப் பின்கட்டுக்கு யாருமே எட்டிப்பார்க்காமல் இருந்தாலும் மீறல்தான்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியவரிடம் வருவோம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் பிள்ளைகள் என்று மகன், மகள், பேரன், பேத்தியைச் சொல்கிறது. மருமகள் அந்த வரையறையில் இல்லை. நடைமுறையில் நம் வீடுகளில் மலம் அள்ளுவதும் புரட்டிப்போடுவதும் பெரும்பாலும் அவர்தான், அல்லது கல்யாணமாகாத மகள், அல்லது கணவனை இழந்து பிறந்தகம் வந்த மகள். "அம்மாவ நாங்க எங்கயும் விடமாட்டோம்" என்று சபையில் சொல்கிறவர் ஒருவர். அதை நிறைவேற்றுகிற முதுகெலும்பு இன்னொருவருடையது. பெருமை மகனுக்குப் போகிறது, டிஸ்க் பிரச்சினை மருமகளுக்கு வருகிறது. இந்த ஏற்பாட்டைக் குடும்பப் பண்பாடு என்று கொண்டாடுவதில் ஒரு மோசடி இருக்கிறது. தன் உழைப்பைத் தானே முன்வந்து தருகிறவரின் தியாகம் பெரியது, சந்தேகமில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்ட உழைப்புக்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது எடுத்தவர்கள் தங்களுக்குக் கொடுத்துக்கொள்ளும் மன்னிப்பு.

ஆகவே அவரைத் தனியாகக் கேட்க வேண்டும். மாமியார் காதில் விழாத இடத்தில், கணவரும் பக்கத்தில் இல்லாமல். எவ்வளவு முடியும், எது முடியாது, வாரத்தில் எந்த நாள் உனக்கு வேண்டும், எப்போது 'இனி என்னால் ஆகாது' என்று சொல்லலாம். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். வளர்ந்துகொண்டே போகிற நோயில் இன்றைய சம்மதம் அடுத்த வருடத்துக்குச் செல்லாது. மூன்றாம் நிலையில் கைபிடித்து நடத்திச் செல்லச் சம்மதித்தவர், ஐந்தாம் நிலையில் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப்போடவும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. விலகிக்கொள்ளும் வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள், அனேகமாக, அதிக நாள் தாங்குகிறார்கள். கதவு அடைபட்ட இடத்தில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஊட்டுவதும், ஓங்கிய கையும் வருகின்றன.

முறை வைத்துப் பார்க்கும் வழக்கத்துக்கு இங்கே கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அது நியாயத்தின் உடுப்பில் வருகிறது. மூன்று பிள்ளைகள், ஆளுக்கு நாலு மாதம். சாவதற்குள் எல்லோர் வீட்டுச் சோறும் சாப்பிட்டதாக இருக்கும், யார் மேலும் சுமை அதிகமில்லை, பின்னால் பங்கு பிரிக்கும்போது பேச்சும் வராது. சகோதரர்களுக்குள் இதைவிடச் சமமான கணக்கு இருக்க முடியாது. அந்தச் சமத்துவத்துக்குக் கட்டணம் கட்டுவது அம்மா. கும்பகோணத்து நிலைப்படியைப் பழகி முடிப்பதற்குள் சென்னை ஃபிளாட்டின் வழுக்கும் டைல்ஸ். அது பிடிபடும்போது கோயம்புத்தூர் வீட்டு மாடிப்படி. ராத்திரி எழுந்தால் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டிய வயதில், நாலு மாதத்துக்கொரு தரம் அந்த அறிவு பிடுங்கப்படுகிறது. ஊருக்கு ஊர் டாக்டர் மாறி, மாத்திரையின் அளவும் மாறுகிறது. நினைவு தடுமாறுகிறவருக்கு இடமாற்றமே தனி நோய். பிள்ளைகள் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது சரி; பகிர்ந்துகொள்ள வேண்டியது அம்மாவை அல்ல. அவர் ஒரே இடத்தில் இருக்க, பிள்ளைகள் முறை வைத்து அங்கே வந்து இருந்துவிட்டுப் போகலாம். வர முடியாதவர் பணம் போடலாம். பணமும் போட முடியாதவர் மருந்து, பில், இன்சூரன்ஸ், ஆள் தேடுவது என்று தொலைவிலிருந்தே ஒரு வேலையைத் தலையில் போட்டுக்கொள்ளலாம்.

ஹோம் என்றதும் வரும் கூச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. சென்னையில் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்போல, நம் நினைவில் அடைக்கல இடங்கள் எல்லாம் நாதியற்றவர்களுக்கானவை. பிள்ளை இருந்தும் அங்கே போவதென்றால் பிள்ளை செத்ததற்குச் சமம் என்ற எண்ணம் அங்கிருந்து வருகிறது. அதே சமயம், வயதான காலத்தில் வீட்டைவிட்டு வெளியேறுவது மேல்நாட்டு இறக்குமதி என்பதும் பொய். வானப்பிரஸ்தம் என்று ஒரு கட்டத்தை வைத்திருந்த மரபு இது. காசியில் போய்க் கண்மூடவேண்டும் என்று கிளம்பியவர்கள் நம் தாத்தா பாட்டிகளுக்கு முந்தைய தலைமுறையிலும் இருந்தார்கள். அவர்கள் தாங்களே கிளம்பினார்கள். இன்று ஆம்புலன்ஸிலோ காரின் பின்சீட்டிலோ ஏற்றிக் கொண்டுபோகப்படுகிறவர்களுக்கும் அவர்களுக்கும் இடையில் மாறியிருப்பது அந்த ஒன்றுதான்.

ஹோமைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் தோட்டத்தையும் பூஜை அறையையும் டிவி ஹாலையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். கேட்க வேண்டியது வேறு. மாத்திரை யார் நேரத்தில் கொடுக்கப்படும்? நடுக்குவாதத்துக்கான லெவோடோப்பா மாத்திரையின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அரை மணி தாமதமானால் நோயாளி நாற்காலியில் உறைந்துபோய் உட்கார்ந்துவிடலாம். புரதம் நிறைந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாமலும் போகும். 'எட்டு மணிக்கு எல்லாருக்கும் டிபன், எட்டரைக்கு எல்லாருக்கும் மாத்திரை' என்கிற இடத்தில், மற்றவர்களுக்கு ஒழுங்காக இருப்பது இவருக்கு முடக்கம். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள்? எல்லாவற்றுக்கும் மேலாக, நிலைமை மோசமானால் வைத்துக்கொள்வீர்களா? கோயம்புத்தூர்ப் பக்கம் முளைத்திருக்கும் முதியோர் குடியிருப்புகள் பலவற்றின் கணக்கே, வருகிறவர் தானாக நடமாடக்கூடியவர் என்பதுதான். படுக்கையில் விழுந்தாலோ வழிதவறி வெளியே போக ஆரம்பித்தாலோ 'கூட்டிக்கொண்டு போங்கள்' என்கிற விதி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். வளர்கிற நோய் உள்ளவருக்கு அந்தக் கடைசிப் பக்கம்தான் முதல் பக்கம்.

கூட்டிக்கொண்டு போகும் விதத்திலும் அறம் இருக்கிறது. "கோயிலுக்குப் போயிட்டு வரலாம், பொடவ மாத்திக்கோ" என்று சொல்லி அழைத்துப்போய் ஹோமில் இறக்கிவிட்டுத் திரும்புவது நடக்கிறது. பொய் எப்போதும் கூடாது என்று இங்கே சொல்ல வரவில்லை. மறதி முற்றியவர்கள் பலருக்குச் சாயங்காலம் ஆனால் ஒரு தவிப்பு வரும். சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும், அப்பா தேடுவார்" என்பார்கள். அப்பா இறந்து நாற்பது வருடம் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வது, அந்தச் சாவைப் புதிதாக அறிவிப்பது. "காப்பி குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்பதில் பாவமில்லை. ஜெர்மனியில் சில முதியோர் இல்லங்கள் வாசலில் பஸ் வராத பஸ் ஸ்டாப் ஒன்றை வைத்திருக்கின்றன; வீட்டுக்குப் போகக் கிளம்புகிறவர்கள் அங்கே போய் உட்கார்ந்து, தவிப்பு அடங்கியதும் உள்ளே வருகிறார்கள். அதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கோயில் பொய் வேறு ஜாதி. கேட்டால் மறுத்துவிடுவார் என்று தெரிந்ததால் சொன்ன பொய் அது. மறுக்கத் தெரிந்தவர் முடிவெடுக்கத் தெரிந்தவர். ஆறுதலுக்குச் சொல்வதும் எதிர்ப்பைத் தாண்டிப்போகச் சொல்வதும் ஒரே வாயிலிருந்து ஒரே குரலில் வரும் என்பதால், சொல்கிறவர் தன்னைத்தான் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் இந்தப் பக்கமெல்லாம் அதிகம் வராது. பெற்றோரைப் பராமரிக்கத் தவறினால் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாதத் தொகைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். அதில் பகல், இரவு இரண்டுக்கும் ஆள் வைக்க முடியாது. கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பின்கட்டு அறைக்கும் கோயில் பொய்க்கும் பிரிவு எதுவும் இல்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. வசதியில்லாத வீடுகளில் அம்மா சொந்தக் கட்டிலிலேயே இருக்க முடிவதற்கு, தீர்ப்பாயத்தைவிட அந்தத் திட்டத்தில் வரும் பெண் பணியாளரின் வருகை அதிகம் உதவுகிறது.

வசதியுள்ள வீடுகளிலோ, இந்தப் பேச்சுகள் எல்லாவற்றுக்கும் அடியில் வேறொன்று கிடக்கிறது. அம்மா பெயரில் இருக்கும் வீடு. 'ஹோமுக்கு மாதம் இவ்வளவா, ஆளுக்கு எவ்வளவு போடுவது' என்று மூன்று பிள்ளைகள் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போது, அந்தச் செலவைத் தாராளமாகத் தாங்கக்கூடிய மனை கடைவீதிக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும். அதை விற்கலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னவர்மேல் சந்தேகம் விழும். ஆனால் அது அவர் வீடு. அவர் உயிரோடு இருக்கும்வரை அதன் முதல் வேலை அவரைப் பராமரிப்பது. வாரிசுகளின் எதிர்பார்ப்பு அதற்கு அப்புறம்தான். வாடகைக்கு விடலாம், விற்கலாம், அந்த வீட்டிலேயே இருக்க விரும்பினால் 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான தலைகீழ் அடமானக் கடனை (ரிவர்ஸ் மார்ட்கேஜ்) விசாரிக்கலாம். பராமரிக்கிற பிள்ளைக்கே எழுதிக்கொடுப்பதானால், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைச் செட்டில்மெண்ட் பத்திரத்திலேயே எழுத வேண்டும். அப்போதுதான் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு பின்னால் கைகொடுக்கும்.

எதுவானாலும் அம்மா கையெழுத்துப் போட வேண்டும், என்ன போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும். 'பவர் வாங்கி வெச்சிருக்கோம்' என்று நிம்மதியாக இருக்கும் பிள்ளைகள் பலர். எழுதிக்கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் பவர் செல்லாது என்பது இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவு. எதற்காக வாங்கினார்களோ அந்த நாள் வரும்போது அது காகிதமாகிவிடும். டிமென்ஷியா வந்தவருக்குச் சுலபமாகக் காப்பாளரை நியமிக்க வழி செய்யும் சட்டமும் இங்கே இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே. மற்றவர்கள் உயர் நீதிமன்றப் படியேற வேண்டும்.

வீட்டைப் பற்றிய பேச்சை நோயின் முதல் வருடத்திலேயே, அம்மாவையும் நடுக்கூடத்தில் உட்காரவைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியவர் அந்த வீட்டில் பெரிய பங்கு வரும் என்று எதிர்பார்த்திருக்கும் பிள்ளை. "இது உன் பணம்மா, உனக்கே செலவாகட்டும், எனக்கு ஒண்ணும் மிஞ்சலேன்னாலும் பரவால்ல" என்று அவர் சொல்லாதவரை, மற்ற இருவரும் என்ன யோசனை சொன்னாலும் அம்மாவின் காதில் அது பாகப்பிரிவினையாகத்தான் விழும். அவரும் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார்.